சொந்த ஊர்: துறையூர்

பதுளை,
3.3.1955

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் எப்படி என்று கேட்டால் "இருக்கு" என்று ஒரு வார்த்தைதான் எழுதுவீர்கள். ஆகவே கேட்கவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பண்டாரவளை முதியோர் ஆதரவுச் சங்கத்துக்கு உங்கள் பெயரில் மனுக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான். கேட்டிருந்தால் மூன்று மாதம் யோசிப்பீர்கள். தோட்டத்து வேலையாட்கள் பதிகிற செக்ரோலில் உங்கள் பெயரை வெட்டி ஒரு வருஷமாகிறது. அம்மாவும் போய்விட்டார். நானோ தோட்டம் தோட்டமாகத் தேயிலை மெஷின் பழுதுபார்க்க அலைகிறேன். பட்டறை அறையில் நாலு பேரோடு படுக்கிறேன். உங்களை எங்கே கொண்டுவந்து வைப்பது?

சங்கத்தில் அரிசி, பருப்பு, கம்பளி கொடுக்கிறார்கள். மாதம் ஒரு தடவை டாக்டரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து லய வீடுகளுக்கே வருகிறார்கள். நடத்துகிறவர் ஜெனீரா டீச்சர். பேச்சைக் குறைத்து வேலையைப் பார்க்கிற மனுஷி.

படிவத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடவில்லை. மெஷின் படத்தில் ஒரு அளவு விட்டுப்போனாலும் எனக்கு ஏச்சு விழும், அந்தப் பழக்கம். "மேற்கண்டவை உண்மை" என்று கீழே நானே கையெழுத்துப் போட்டேன். கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
வீரசிங்கம்


கொஸ்லந்த,
20.3.1955

அன்பு மகன் வீரசிங்கத்துக்கு அப்பா இராமையா எழுதுவது.

டீச்சரம்மா வந்தார். கூட வந்த டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து மருந்து கொடுத்தார். இருமல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற பெரியாயிக்கும் கம்பளி கிடைத்தது. நான் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்து, "என்னங்கண்ணே, மாப்பிள்ளை ஊர்வலம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டு லயத்தையே சிரிக்க வைத்துவிட்டது.

நீ கேட்காமல் செய்தது மனத்தாங்கல்தான். ஆனாலும் பசிக்கிறபோது கோபம் நிற்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு நீயும் நானும் தனித்தனியாகப் போட்ட மனு நாலு வருஷமாகக் கிடக்கிறதல்லவா, என்னுடையதைப் பற்றி டீச்சரம்மாவிடம் சொன்னேன். இவர் இங்கேயே இருக்கிறவர் என்று சங்கம் ஒரு கடிதம் கொடுக்கும் என்றார். அதோடு நீ நிரப்பிய படிவத்தையும் சேர்த்துப் பிரஜாவுரிமை ஆபீசுக்கு அனுப்பிவிட்டாராம். நல்ல மனசோடு செய்திருக்கிறார். ஆனால் தம்பி, காகிதம் என்றாலே எனக்கு ஆகாது. அதில் என்ன எழுதினாய்?

அப்பா


பதுளை,
27.3.1955

அன்புள்ள அப்பாவுக்கு,

காகிதம் யாரையும் கடிக்காது. இருந்தாலும் கேட்டீர்கள், சொல்கிறேன். பெயர் இராமையா. வயது அறுபத்து மூன்று. செய்த வேலை, கொழுந்து அரைக்கும் மெஷின். வருமானம் இல்லை. சொந்த ஊர், துறையூர், திருச்சி ஜில்லா. நோய், இருமல். இவ்வளவுதான். இதில் பயப்பட என்ன இருக்கிறது? வீண் யோசனையை விட்டு மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள்.

வீரசிங்கம்


கொஸ்லந்த,
9.4.1955

மகனுக்கு,

உன் கடிதத்தை வாசித்த மறுநாளே விசாரணைக் காகிதம் வந்துவிட்டது. தோட்டத்துக் கிளாக்கர் ஐயா வாசித்துச் சொன்னார். "தாங்கள் இந்தியாவில் துறையூரைச் சொந்த ஊராகக் கொண்டவர் என்று தெரியவருகிறது. நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்." இந்தியா ஆள் என்று முடிவாகிவிட்டால் பிரஜாவுரிமை கிடைக்காது, கப்பலேற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

நான் பிறந்தது இதே லயத்தில், மூன்றாம் காம்பிராவில். துறையூரை நான் கண்டதில்லை. என் அப்பாவும் கண்டதில்லை. அவருடைய அப்பா அங்கிருந்து நடந்து வந்தவர். கல்யாணம் பேசும்போதும் சாமி கும்பிடும்போதும் எந்த ஊர் ஆள் என்று கேட்பார்கள், துறையூர் என்போம். நீயும் அதைக் கேட்டுத்தானே வளர்ந்தாய். நாம் வாயால் சொல்கிற ஊர் வேறு, அரசாங்கக் கச்சேரிக் காகிதத்தில் கேட்கிற ஊர் வேறு என்று படித்த உனக்கே தெரியவில்லை என்றால் எனக்கு எப்படித் தெரியும்?

விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. பெரியாயி கம்பளியை மடித்து டீச்சரம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது. "குளிர்ல செத்தாலும் இங்கயே சாவேன் தாயி, என் பேரை அடிச்சிருங்க" என்றது. இன்னும் நாலு பேர் பேரை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

விசாரணை மே மாதம் 12ஆம் தேதி, பண்டாரவளையில்.

அப்பா


பதுளை,
14.4.1955

அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. இன்று பெல்ட் மாற்றும்போது கவனம் பிசகி விரலை நசுக்கிக்கொண்டேன். கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். யாரும் ஏசியிருக்க மாட்டார்கள்.

பண்டாரவளைக்குப் போய் ஜெனீரா டீச்சரிடம் கத்திவிட்டேன். "நானும் வாசிச்சுத்தான் அனுப்பினேன், தம்பி. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை" என்றார். தப்பைச் சங்கமே ஏற்று எழுதிக் கொடுக்குமாம்.

விசாரணையில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். "என் மகன் ஒரு மடையன், என்னைக் கேட்காமல் தப்பாக எழுதிவிட்டான்." வேறு எதுவும் வேண்டாம். 12ஆம் தேதி காலை பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நான் வராமல் உள்ளே போகாதீர்கள். தயவுசெய்து.

வீரசிங்கம்


கொஸ்லந்த,
6.5.1955

அன்பு மகனுக்கு,

கோபிக்காதே. விசாரணை 4ஆம் தேதியே முடிந்துவிட்டது. நீ வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று உனக்குத் தேதியை மாற்றித்தான் எழுதினேன்.

டீச்சரம்மா பெரகல சந்திக்கே வந்து என்னை பஸ் ஏற்றிக்கொண்டு போனார். உள்ளே விசாரிக்கிற ஐயா உன் படிவத்தைக் காட்டி, இது யார் கையெழுத்து என்று கேட்டார். மகனுடையது என்றேன். டீச்சரம்மா எழுந்து, இது சங்கத்தின் பிழை என்றார். உங்களைக் கேட்கவில்லை, உட்காருங்கள் என்று அந்த ஐயா அடக்கிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, இதில் உள்ளது உண்மையா பொய்யா, இரண்டில் ஒன்று சொல் என்றார்.

மேசையில் என் கட்டுக்குக் கீழே இன்னொரு கட்டு இருந்தது. மேலே உன் பெயர். உனக்கு அடுத்த மாதம் விசாரணை என்று அந்த ஐயாவே சொன்னார். பொய் என்று நான் சொன்னால் பொய்க் கையெழுத்துப் போட்டவன் நீ. மடையன் என்று சொல்லச் சொன்னாய். அதை அந்த ஐயா எழுதிக்கொண்டால் உன் மனு என்ன ஆகும்?

"உண்மைங்க. துறையூருதாங்க எங்க ஊரு" என்றேன். எழுதிக்கொண்டார்.

சங்கம் வக்கீலைப் பார்க்கும் என்று டீச்சரம்மா சொல்கிறார். பார்க்கட்டும். நீ இதில் தலையிடாதே. உன் விசாரணை முடியும்வரை இந்தப் பக்கம் வரவும் வேண்டாம். அரிசியை இப்போது டீச்சரம்மாவே தூக்கிக்கொண்டு வருகிறார், பட்டினி இல்லை.

பயமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது. இந்தியாவில் ஒரு மனுஷரைக்கூட எனக்குத் தெரியாது. தலைமன்னாரில் கப்பலேறி அந்தக் கரையில் இறங்கினால் துறையூர் எந்தப் பக்கம், எத்தனை மைல் என்று யாரிடமாவது விசாரித்து எழுது.

அப்பா
இராமையா