மூடி போட்ட பிறகு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். பார்சலைப் பிரிக்காமலே மூலையில் வைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் இந்தக் கடிதத்தைப் பெட்டிக்கு வெளியே ஒட்டியிருக்கிறேன். உள்ளே இருப்பது உங்கள் பழைய கம்ப்யூட்டர். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்கு நாக்குக் குழறும்.

திங்கட்கிழமை வேலையை விடப் போகிறீர்களாம், மகள் சொன்னாள். "மாமா சோதிச்சுப் பார்த்த மெஷின் பொய் சொல்லாது, கோளாறு என் மண்டையிலதான். கிரகணத்தையே தப்பாக் கணக்குப் போடுறவன் பாலத்துக்குப் போடலாமா?" என்கிறீர்களாம்.

அன்று கம்ப்யூட்டர் சங்கக் கூட்டத்தில், கிரகணம் கணிக்க நீங்கள் எழுதிய நிரல் ஒரு மணி நேரம் ஓடி, நடுராத்திரியில் சூரிய கிரகணம் என்று காட்டியது. "டார்ச் அடிச்சுப் பார்க்கணுமோ?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். மெஷினில் கோளாறில்லை, நானே சோதித்தேன் என்று சபை நடுவே சொன்னேன். நான் உரக்கப் பேசியதே அந்த ஒரு தடவைதான்.

சோதித்தது உண்மை. நினைவகத்தில் ஒவ்வொரு எண்ணாக எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிட்டேன். ஆனால் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில். கூட்டத்துக்குப் பிறகு மகள் மெஷினை மறுபடி அனுப்பியபோதும் அப்படியேதான் செய்தேன். ஒரு தப்பும் இல்லை. கூட்டத்தில் அது மூடியோடு அல்லவா ஓடியது என்பது வெகு தாமதமாகத்தான் உறைத்தது. மூடியைத் திருகி, மேலே ஒரு துண்டையும் போர்த்தினேன். சூடேறியதும் தப்பு வந்தது. வந்தபோதெல்லாம், எழுதிய எண்ணைவிடச் சரியாக முப்பத்திரண்டு குறைந்திருந்தது. ஒவ்வொரு எண்ணையும் எட்டுச் சில்லுகள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும் பங்குகளாகப் பிரித்து வைத்திருக்கும்; அவற்றில் முப்பத்திரண்டை வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்.

அப்போதும் என்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உங்கள் அத்தையின் முடி உலர்த்தும் கருவியால் ஒவ்வொரு சில்லுக்கும் சூடு காட்டினேன். "தலைக்குக் குளிச்சுதா உங்க மெஷின்? சளி பிடிச்சுக்கப் போகுது" என்றாள். அந்தச் சில்லு மட்டும் சூட்டில் மறந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்துக் குளிர வைத்ததும் திருந்தியது. அதை மாற்றி, உங்கள் நிரல் பதிந்த கேசட்டை ஏற்றி, மூடியோடும் துண்டோடும் ஓடவிட்டேன். கிரகணம் பட்டப்பகலில், பஞ்சாங்கத்தில் உள்ளபடி நிமிடம் பிசகாமல் வந்தது.

உங்கள் நிரலில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை, மாப்பிள்ளை. பிழை என் சோதனையில் இருந்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்வேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் தேவலை.

அந்த ராஜினாமாக் காகிதம் நாங்கள் வரும்வரை மேசையிலேயே கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் வருகிறோம். சுற்றுவழி வேண்டாம், நீங்கள் கணக்குப் போட்ட பாலத்தின் வழியாகவே போகலாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டேன். பாலம் வந்தாலே கண்ணை மூடிக்கொள்பவன் நான், உங்களுக்குத் தெரியும். இந்த முறை திறந்தே வைத்திருப்பேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லாத,
மாமா