ஒறுத்தல் என்ற சொல்லும் நம் நாற்பது நாளும்

நேற்று கோயில் முற்றத்தில் போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்தார்கள், சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவதற்காக. அந்தப் புகை திரேஸ்புரத்துக் கருவாட்டு வாடையையே ஜெயித்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தது. கண் எரிந்தது. புகையால்தான் என்று வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறேன். நீரும் அப்படியே வைத்துக்கொள்ளும்.

தவக்காலம் வந்தால் ஈஸ்டர் வரை நாற்பது நாள் ஆளுக்கு ஒன்றை விட்டு ஒறுத்தல் செய்வோம். நான் வருஷாவருஷம் எனக்குப் பிடிக்காத பாகற்காயை விடுவேன். நீர் சங்கு குளிக்கிற ஆள், மெய்யாகவே விடுவீர். ஒரு வருஷம் பீடி, ஒரு வருஷம் கருப்பட்டிக் காப்பி. புதுத் துறைமுகத்துக்குக் கல் லாரி ஓடிக்கொண்டிருந்த அந்த வருஷம் என் வாசலில் நின்று சொன்னீர்:

“ஓய், இந்தத் தடவை உம்ம பேச்சத்தான் விடப்போறேன். ஊர்க்கதை கேட்டுக் கேட்டு ஆத்மா கெட்டுப்போச்சு.”

“நாப்பது நாள் தாங்குவீரா வேய்?”

“கடலடியில மூச்சையே அடக்குதேன். இது என்ன பெரிய காரியமா?”

பீடிக்குச் சமமாக வைத்தீரே என்று முதலில் பெருமைதான். ஒரு வாரத்தில் அது வடிந்தது. எதிர்ப்பட்டால் துண்டால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே போவீர். உப்பளத்து மேஸ்திரி மகள் கல்யாணம் நின்றுபோன கதை என் வயிற்றிலேயே ஊசிப்போனது. ஆத்திரத்தில் வாசகசாலைக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். ஒறுத்தல்: தண்டித்தல், வருத்துதல். ஆதியில் அரசன் குற்றவாளிக்குச் செய்த காரியம். நம் கோயிலுக்குள் வந்தபிறகுதான் அந்தச் சொல் அவனவன் உடம்பின் பக்கம் திரும்பியிருக்கிறது. திரும்பினாலும் அடி பக்கத்து வீட்டுக்காரன் மேலும் விழும் என்று அகராதிக்காரர் போடவில்லை.

ஈஸ்டர் விடிந்ததும் கதவைத் தட்டினீர்.

“ஓய், திறயும்! நாப்பது நாள் கதையும் இப்பவே வேணும்.”

திறக்காமலே கத்தினேன்: “என் நாப்பது நாள் இன்னைக்குத்தான் ஆரம்பம். கொஞ்சம் நீரும் ஒறுபடும்!”

தெருவே கேட்கச் சிரித்தீர்.

எட்டு நாள் என் வாசலில் வந்து இருமினீர். நான் உள்ளே உட்கார்ந்து மீசைக்குள் சிரித்தேன். ஒன்பதாம் நாள் கடலுக்குப் போனீர். தோணியில் உம் கயிற்றைப் பிடித்திருந்தவர் கைக்கு வெறுங்கயிறு வந்தது. மறுநாள்தான் உம்மை எடுத்தார்கள்.

கிடத்தியிருந்த இடத்தில் உம் மனைவி சொன்னாள்: “அண்ணாச்சி, இப்பவாவது ஒரு வார்த்த பேசுங்க. எட்டு நாளா உங்க வாசலத்தான பாத்துக் கெடந்தாவ.”

வாயைத் திறந்தேன். ஊரை அளக்கிற வாயில் காற்றுதான் வந்தது.

இப்போதெல்லாம் தவக்காலத்தில் நான் எதையும் விடுவதில்லை. பாகற்காயைக்கூடத் தின்கிறேன். அந்த நாற்பது நாளே இன்னும் முடியவில்லை ஓய். முடித்துவைக்க நீர்தான் வந்து தட்டவேண்டும்.