செருமலுக்கு எழுந்து நின்ற வீடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் ஒன்று நீங்கலாக இங்கே எல்லாரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். பேச்சுப்போட்டியில் பேத்தி முதலாவதாக வந்த படத்தை நான் காட்டாத ஆள் தெருவில் பாக்கியில்லை, காய்கறிக்காரரிடம் இரண்டு தடவை காட்டிவிட்டேன்.

முக்கியமான சேதி, நம் முன்அறையைக் கட்சிக்காரர்களிடமிருந்து மீட்டாயிற்று. ஒரு தேர்தலுக்கு மட்டும் என்று உன் அப்பா கொடுத்த அறை, நீ வளர்ந்து கல்யாணமாகிப் போன பின்னும் அவர்கள் அலுவலகமாகவே கிடந்தது. அந்தச் செயலாளருக்குச் செருமல் மாமா என்று நீதானே பெயர் வைத்தாய். கேட்டில் நின்று ஒரு செருமு செருமுவார், உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கூட எழுந்து நிற்க வேண்டும். குழாய் இணைப்பா, பள்ளிக்கூடத்தில் இடமா, அவர் தலையசைக்காமல் இந்தத் தெருவில் துரும்பு நகராது. அப்படிப்பட்ட கட்சி எப்படி இளைத்தது என்று கேட்டிருந்தாய், யாரும் அடித்துச் சாய்க்கவில்லை கண்ணு. முதலில் நடந்து வந்து ஓட்டுக் கேட்டார்கள், உன் அப்பாவின் தலைவலி வரைக்கும் விசாரித்தார்கள். அப்புறம் காரில் வந்து கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டார்கள். அப்புறம் கண்ணாடியும் இறங்கவில்லை. நம்மை விட்டால் இவங்களுக்கு யாரு என்று மாமா நம் அறையில் உட்கார்ந்தே சொன்னதை என் காதால் கேட்டேன். குழாய்க்கு இப்போது பிள்ளைகள் போனிலேயே எழுதிப் போட்டுவிடுகிறார்கள், இவர் தலை யாருக்காக அசைய வேண்டும்? இந்தத் தேர்தலுக்கு பூத் சிலிப் வாங்க வழக்கம்போல் வரிசை நிற்கும் என்று நம் வாசலில் பெஞ்சு போட்டுக் காத்திருந்தார்கள், ஈ காக்கை வரவில்லை. வேறு ஆளாயிருந்தால் அப்போதே வீடு வீடாக ஓடியிருப்பார். இந்த மகானுபாவரோ, சனம் நம்ம சின்னத்தை மனப்பாடமா வச்சிருக்கு, சிலிப் எதுக்கு என்று சொல்லி இனிப்புக்கு ஆள் அனுப்பினார். எண்ணி முடித்தால் நம் வார்டே கைநழுவியிருந்தது. இனிப்பை அப்படியே விட்டுப் போனார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். ஜெயித்தவர்களும் யோக்கியமில்லை, மறுநாளே அறை கேட்டு வந்தார்கள், வாசலோடு அனுப்பினேன்.

உன் அண்ணிக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் மிஷினைப் போட்டு, ஆள் போகும்போதெல்லாம் துணியைச் சுருட்டிக்கொண்டு தைத்தாள், அந்த இருட்டில் தையல் கோணினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். முன்அறையைக் கேளடா என்றால் உன் அண்ணன், தண்ணியை நிறுத்திடுவாங்கம்மா என்று நடுங்குகிறான். தோற்றவனுக்குப் பயப்படுகிறவனை நான்தான் பெற்றேனா என்று கேட்டுவிட்டு, கொடிகளை வாசலில் சாத்தி மிஷினை உள்ளே போடச் சொன்னேன். வந்தார் மாமா. செருமினார். உன் அண்ணன் பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டான். அவன் முழுசாக நின்றால் அறை போச்சு. அண்ணி ஊசியில் நூல் கோத்தபடி, தலை நிமிராமல், "தொண்டை கட்டியிருக்காண்ணே, வெந்நீர் தரட்டுமா?" என்றாள். உன் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எப்படிப் பயந்து நிற்பது, உட்கார்ந்துவிட்டான். மாமா தன் நாற்காலியைத் தேடினார், அதில் சீருடைத் துணி அடுக்கியிருந்தது. கொடிகளை அணைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். தண்ணீர் முன்போலவே வருகிறது, இத்தனை வருஷமும் நாம் பயந்தது ஒரு தொண்டைக்குத்தான் போலிருக்கிறது.

நேற்று கிழிந்த கொடிக்கு ஓரம் அடிக்க மறுபடி வந்தார். செருமவில்லை, காலிங்பெல் அடித்தார். சீருடை முடியட்டும் என்றாள் அண்ணி, அந்த பூத் சிலிப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

அண்ணனிடம் பேசும்போது ஒன்றும் தெரியாததுபோல் கேட்டுக்கொள், தானே அறையை மீட்டதாகச் சொல்வான், சொல்லட்டும். பேத்தியின் அடுத்த படத்தைப் பெரிதாக அனுப்பு, மாட்டுவதற்குச் சுவர் காலியாக இருக்கிறது. குறைவில்லாமல் நீங்கள் மூவரும் நன்றாயிருக்க வேண்டும்.

முன்அறையில் உட்கார்ந்து எழுதும்
உன் அம்மா