இரண்டு வருடம் ஒளித்து வைத்த கிராஃப்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன், இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுத மட்டும் இந்தத் தடவை கை வரவில்லை. முதலில் உட்கார்ந்துகொள். மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் அவரையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள். காலையிலிருந்து இரண்டு தடவை போனை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவேன் என்று பயந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். முடித்ததும் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புவேன், தபாலை நம்பி நாளைக் கடத்த முடியாது.

உன் தங்கை குட்டிக்குக் காது மந்தம், மெஷின் வைத்திருக்கிறாள் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்தது உன் அம்மாவுக்கே போன மாதம்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் கிளினிக்குக்குக் காது சோதிக்கும் புது மெஷின் வந்தபோது, ஓட்டிப் பார்க்கலாமே என்று குட்டியைக் கூட்டிப்போய்ச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தேன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கீச்சென்ற மெல்லிய சத்தங்களுக்கு அவள் விரல் அசையவே இல்லை, கிராஃபில் கோடு வலது பக்கம் சரிந்து இறங்கியது. இருபத்தாறு வருடமாக அந்தச் சரிவைக் காட்டி, தள்ளிப்போடாதீர்கள் என்று ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்கிறவன் நான். அவளிடம் ஹெட்போன் ஒயர் சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து இழுப்பறைக்குள் தள்ளினேன். தாளை மூடினால் காது சரியாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

அப்புறம் இந்த வருடம் அவள் வேலை பார்க்கும் பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் ஒரு அம்மாள் கேட்ட ஊர் காதில் சரியாக விழாமல் வேறு ஊருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்து, அவர் நடுவழியில் இறங்கி நின்று, பெரிய புகாராகிவிட்டது. அதோடு நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். காதோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை என்று தெரிந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், எங்கள் மூன்று பேர் ரத்தத்தையும் எடுத்தார்கள்.

மரபணு டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உடம்பின் செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதற்கென்று தனியாக ஒரு டிஎன்ஏ உண்டாம், அதன் இரண்டு இழைகளிலிருந்தும் ஓயாமல் ஆர்என்ஏ எடுபடுமாம். வேண்டியதோடு வேண்டாததும் பிழையானதும் சேர்ந்தே வரும். வேலை முடிந்ததையும் கெட்டுப்போனதையும் அங்கேயே உடைத்துப் போட இரண்டு என்சைம்கள் சேர்ந்து உழைக்கின்றன, ஒன்று பின்னிக்கிடப்பதைப் பிரித்துக் கொடுக்கும், மற்றது நறுக்கித் தள்ளும். குட்டிக்கு நறுக்குகிறதில்தான் கோளாறு. உடைபடாத ஆர்என்ஏ இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வெளியே கசிந்தால், வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்து உடம்பு தன்னோடு தானே சண்டைக்கு நிற்குமாம். காதும் நரம்பும் அதில் அடிபடுகின்றன. இதைத் தீர்க்க மருந்து இன்னும் இல்லை.

அந்த என்சைமுக்கான மரபணுவில் என்னிடமிருந்து ஒரு பழுது, உன் அம்மாவிடமிருந்து ஒரு பழுது அவளுக்குப் போயிருக்கிறது. எங்கள் இருவருக்கும் இன்னொரு பிரதி நன்றாக இருப்பதால் எங்களை ஒன்றும் செய்யவில்லை. டாக்டரம்மா பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே, பெரிய பெண்ணுக்குச் சொந்தத்திலா கொடுத்தீர்கள் என்று கேட்டார். உன் அம்மாவைக் காட்டி, இவளுடைய அண்ணன் மகனுக்குத்தான் என்றேன். பேனா நின்றுவிட்டது.

இது தெரிந்து பத்தொன்பது நாள் ஆகிறது. மாமாவுக்கு முதலில் பார்ப்போம், அவரிடம் இல்லையென்றால் உன்னிடம் சொல்லவே வேண்டாம் என்றாள் அம்மா. போன வருடம் கரு கலைந்தபோது நீ பட்டதைப் பார்த்தவள், அவளைக் கோபிக்காதே. மாமாவும் மறுபேச்சில்லாமல் வந்து ரத்தம் கொடுத்தார். முடிவு இன்று காலை வந்தது. அவரிடமும் அதே பழுது இருக்கிறது.

அதற்குப் பிறகும், உனக்கு மூன்று மாதம் முடியட்டும், இன்னும் மூன்று வாரம் பொறுப்போம் என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசினோம், குட்டி காதில் விழக்கூடாதாம். காது கேட்காதவளுக்கு எதற்குக் குழாய்ச் சத்தம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகியவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை. "அன்னிக்கு ஒயர் ரிப்பேர்னு சொன்னப்பவே உங்க முகத்தைப் பார்த்துட்டேன்பா. அக்காகிட்டயும் அப்படிச் சொல்லிடாதீங்க" என்றாள். இரண்டு வருடமாகத் தெரிந்தே என்னிடம் கேட்காமல் இருந்திருக்கிறாள். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால், இந்தப் பிள்ளை உண்டாவதற்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கும். என்னை மன்னி என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம், உன்னிடம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இரண்டு பேரிடமும் இருந்தால்தான் பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு பயம். உனக்கு இது பத்தாவது வாரம், பிள்ளையைச் சோதித்துப் பார்க்க நேரம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட நேரம் இல்லை. எங்கள் ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து அனுப்புகிறேன், நாளைக்கே உன் டாக்டரிடம் காட்டி இரண்டு பேரும் ரத்தம் கொடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் என்ன செய்வது என்பது உங்கள் இருவர் பாடு, நாங்கள் யாரும் மூக்கை நுழைக்க மாட்டோம். மாடிப்படியில் பார்த்து இறங்கு, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. படித்ததும் கூப்பிடு, எது கேட்டாலும் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வயிற்றில் இருப்பது எப்படி வந்தாலும் அதுவும் நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர வேறு வேண்டுதல் இப்போது எனக்கு இல்லை.

இன்னும் ஒன்று. குட்டி முன்பக்கங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையைச் சோதித்துப் பார் என்று நான் எழுதியிருக்கும் இந்தப் பக்கத்தையும் அடுத்து கேட்பாள். என்னைப் போல ஒரு பிள்ளை வேண்டாம் என்றா எழுதினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல், கொடுக்கத்தான் போகிறேன்.

ஆசியுடன்,
உன் அப்பா