குசினி வேலையை விடாதை

வெள்ளவத்தை
04.12.2008

அன்புள்ள மகன் பிரணவனுக்கு,

இஞ்சை அப்பா, நான், தங்கச்சி மூண்டு பேரும் பிள்ளையார் காவலிலை சுகமாய் இருக்கிறம், நீயும் அப்பிடியே இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு வெள்ளியும் உன்ரை பேருக்கு அர்ச்சனை செய்விக்கிறன். உங்கை வின்னிபெக்கிலை குளிர் எந்தளவுக்கு இறங்கிப்போட்டுதெண்டு தங்கச்சி இன்ரநெற்றிலை பாத்துச் சொன்னவள், கேட்ட எனக்கே கை கால் விறைச்சுப்போச்சு. ஆரும் பகிடி பண்ணுவினம் எண்டு வடிவு பாக்காமல் காதை மூடித் தொப்பியைப் போட்டுக்கொண்டு போ. இஞ்சை மழை விட்டபாடில்லை, கடற்கரைப் பக்க ஒழுங்கையெல்லாம் வெள்ளம், மீன்காரரையும் காணேல்லை, ரெண்டு கிழமையாய் மரக்கறிதான், அப்பாவின்ரை முகத்தைப் பாக்கவேணும் நீ. வன்னியிலை சனம் படுற பாட்டை நினைச்சால் மீனில்லை எண்டு முறைப்பாடு சொல்ல வாய் கூசுது, அதையும் சொல்லத்தான் வேணும்.

ஞாயிறு போனிலை கதைச்சனாங்கள் தானே, பிறகேன் அம்மா காகிதம் எழுதுறா எண்டு யோசிப்பாய். போனிலை கதைக்கிறதெண்டால் றிசீவர் அப்பாவின்ரை கையிலை, நான் சாப்பிட்டியோ ராசா எண்டு கேக்கமுன்னமே கார்ட் முடிஞ்சிடும். அதோடை இது அவருக்கு முன்னாலை கதைக்கேலாத கதை. விசயம் இதுதான். கிறிஸ்மஸோடை ஹோட்டல் குசினி வேலையை விட்டிட்டு ரொறன்ரோவுக்குப் போறன் எண்டு அப்பாவுக்கு ஓம் சொல்லிப்போட்டாய். போகாதை. நீ அந்த ஓம் சொன்ன குரலை நான் தள்ளி நிண்டே கேட்டனான், சின்னனிலை விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னால் இப்பிடித்தான் ஓம் எண்டு சொல்லுவாய்.

அப்பாவிலையும் பிழை சொல்லேலாது. மச்சான்காரன் வரதராசா ஸ்காபரோவிலை தனக்குத் தெரிஞ்ச வீடு விக்கிற கந்தோரிலை உனக்கு ஒரு இடம் இருக்கு, முன்னுக்கு இருந்து டெலிபோன் எடுக்கிறதும் பைல் அடுக்கிறதும்தான் வேலை எண்டு சொன்னதிலை இருந்து மனுசன் நிலத்திலை நிக்கேல்லை. சீஃப் கிளார்க்காய் இருந்து பென்சன் எடுத்த ஆள், அவருக்கு உத்தியோகம் எண்டால் கதிரை, மேசை, தலைக்கு மேலை ஃபான். அடுத்தநாளே புறக்கோட்டைக்குப் போய் உனக்குக் கழுத்திலை கட்ட ரெண்டு ரை வாங்கிக்கொண்டு வந்திட்டார், ஒண்டு நல்லாய்த்தான் இருக்கு, மற்றது கண்ணைக் குத்துது. நீ கொலிச்சிலை கணக்கியல் படிச்சுப்போட்டுச் சட்டி கழுவப் போயிட்டாய் எண்டு அவருக்கு உள்ளுக்குள்ளை ஒரே கவலை. நீ சட்டி கழுவுறேல்லை, சமைக்கிறனி, ரெண்டும் ஒண்டில்லை எண்டு நான் எத்தினை தரம் சொல்லிப்போட்டன். கோயிலிலை ஆரும் கேட்டால் மகன் ஹோட்டல் மனேச்மென்ற் எண்டு சொல்லுவார், பத்மாவதி அன்ரி எந்தப் பகுதி எண்டு விடாமல் கேக்க மனுசனுக்கு இருமல் வந்திட்டுது.

நீ புரட்டாதியிலை எனக்குச் சொன்னதை நான் மறக்கேல்லை. அந்த நாட்டிலை படிச்சு முடிச்ச பிள்ளையள் அங்கையே ஒரு வருசம் கைத்திறன் வேலை செய்து காட்டினால் தாங்களே நிரந்தர வதிவிடத்துக்குப் போடலாம் எண்டு புதுச் சட்டம் வந்திருக்கு, சமையல் அதுக்குள்ளை வரும், டெலிபோன் எடுக்கிறது வராது, உனக்கு அந்த வருசம் ஆனியோடை முடியும். அப்ப பாதி வந்திட்டாய் மகன். இப்ப விட்டிட்டுப் போனால் அந்தக் கந்தோரிலை பத்து வருசம் இருந்தாலும் இதுக்குக் கணக்கில்லை, இடையிலை வேலை விசா முடிஞ்சால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். வந்து இஞ்சை என்ன செய்யப்போறாய், ஒவ்வொரு சந்தியிலையும் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு நிக்கப்போறியோ. உன்னைப் பாக்க எனக்கு ஆசை இல்லையெண்டு நினைக்காதை, உன்ரை கட்டிலை இன்னும் நான் தான் தட்டி விரிக்கிறன். ஆனால் நீ வாறது உன்ரை விருப்பத்துக்கு வாறதாய் இருக்கவேணும்.

நீதான் பயத்திலை அப்பாவுக்குச் சொல்லேல்லை, நானெண்டாலும் சொல்லிப் பாப்பம் எண்டு திங்கக்கிழமை வாய் திறந்தனான். உனக்கென்ன தெரியும் எண்டு ஒரே கொதி. சரியெண்டு கீழ்வீட்டு ஹமீமாவின்ரை மகன் ஷிப்லியைக் கூப்பிட்டனான், அவன் காலி வீதியிலை கொமினிக்கேசன் கடையிலை வேலை, கொம்பியூட்டரிலை எல்லாம் தேடிப் பாத்துக்கொண்டு வந்து, அங்கிள், சமைக்கிற ஆள் உள்ளுக்கை, டெலிபோன் எடுக்கிற ஆள் வெளியிலை எண்டு பவ்வியமாய்ச் சொன்னவன். அப்பா, கிளார்க்கை விடக் கோக்கி பெரிசெண்டு சொல்லுற கனடாக்காரனுக்கு விசரோ எண்டு கேட்டார். அவன் பாவம், தேத்தண்ணியையும் குடிக்காமல் இறங்கிப்போட்டான். அண்டையிலை இருந்து அப்பா என்னோடையும் கதை குறைவு, பேப்பரை விரிச்சு முகத்தை மூடினபடி. அவர் ஓம் சொல்லாட்டிலும் நீ விடாதை, வாற கொதியை நான் தாங்குவன், எனக்குப் பழக்கம்.

08.12.2008

மழையாலை தபால் கந்தோருக்குப் போகேல்லை, நல்லதாய்ப் போச்சு. நேற்று நடந்ததையும் எழுதிப்போட்டு அனுப்புறன்.

வடக்கிலை இருந்து வந்து இருக்கிற ஆக்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் பதிவுக்கு வரவேணும் எண்டு ஸ்பீக்கரிலை சொல்லிக்கொண்டு போனவங்கள். எங்கடை அடையாள அட்டையிலை யாழ்ப்பாணம் எண்டு கிடக்குதே, போகத்தானே வேணும். அப்பா நீட்டுக்கைச் சேட்டும் போட்டு, வீட்டுப் பத்திரம், பென்சன் கடதாசி எல்லாத்தையும் பைலிலை அடுக்கிக்கொண்டு வந்தவர், ஏதோ பதவி உயர்வுக்குப் போற மாதிரி. பள்ளிக்கூட மண்டபத்திலை நல்ல கியூ, தெரிஞ்ச சனம் முழுக்க அங்கைதான், கலியாணவீடு மாதிரி ஊர்ப்புதினம் கதைச்சுக்கொண்டு நிண்டம். மேசையிலை இருந்த பொடியனுக்கு உன்ரை வயசுதான் இருக்கும், சும்மா சொல்லக்கூடாது, மரியாதையாய்த்தான் கேட்டான். பேர், பிறந்த இடம், கொழும்புக்கு ஏன் வந்தனீங்கள். அப்பா நல்ல கந்தோர்ச் சிங்களத்திலை, இந்த ஊரிலை அரசாங்க உத்தியோகம் பாத்துப் பென்சன் எடுத்தனான், வீடும் இஞ்சைதான் எண்டு சொல்லிப் பைலைத் திறந்தார். பொடியன் பைலைப் பாக்கேல்லை. இன்னும் எவ்வளவு நாள் இஞ்சை நிக்கிற எண்ணம் எண்டு அடுத்த கேள்வியைக் கேட்டான்.

பின்னுக்கு நிண்ட சனம் நெருக்குது, அப்பா திறந்த பைலோடை நிக்கிறார். நான்தான் இடையிலை பூந்து, உயிர் இருக்கிற வரைக்கும் மாத்தையா எண்டு எனக்குத் தெரிஞ்ச மீன்கடைச் சிங்களத்திலை சொன்னன். பொடியனுக்குச் சிரிப்பு வந்திட்டுது, எனக்கும் வந்திட்டுது, அப்பா மட்டும் சிரிக்கேல்லை.

வீட்டை வந்ததும் சேட்டையும் கழட்டாமல் டெலிபோன் கார்ட்டைச் சுரண்டினார். வரதராசா மாமாவுக்கு எடுத்தார், அங்கை நடுச்சாமம் எண்ட யோசினையே இல்லை, அந்த மனுசன் ஆரோ செத்துப்போச்சினமாக்கும் எண்டு பதறி எழும்பியிருக்கிறார். அப்பா சொன்னதை நான் குசினியிலை நிண்டு கேட்டனான். என்ரை மகன் வரமாட்டான் வரதராசா, குறை நினையாதை, அவன் அங்கை கோக்கி, மனேச்சர் இல்லை, கோக்கி, அந்த வேலையாலைதான் அவனுக்கு அந்த நாட்டிலை நிரந்தரமாய் இருக்க உரிமை வரப்போகுது எண்டார். சத்தம் போட்டுத்தான் சொன்னவர், ஷிப்லி வீட்டுக்கும் கேட்டிருக்கும். பேந்து குசினி வாசலுக்கு வந்து நிண்டு, அந்த வதிவிடக் கடதாசி பிள்ளைக்குக் கிடைச்சால் எவ்வளவு நாள் நிக்கப்போறாய் எண்டு அவனை ஒருத்தரும் கேக்கமாட்டினம் தானே எண்டு கேட்டார். கேக்கமாட்டினம் எண்டு சொன்னன். எனக்கு அழுகை வந்திட்டுது மகன், ஏன் மறைப்பான்.

இனிச் சொல்லுறதை வடிவாய்க் கேள். உங்கடை பெரிய கோக்கி நிக்கலஸோடை கொழுவாதை, அவர் கத்தினால் அடுப்பு வெக்கையிலை கத்துறார் எண்டு விட்டிடு. ஆனியிலை அவரிட்டைக் கேட்டு, நீ என்னென்ன சமைக்கிறனி, எத்தினை மணித்தியாலம் எண்டு விபரமாய் ஒரு காகிதம் எழுதிவிப்பி. சம்பளத் துண்டு ஒண்டையும் எறியாமல் திகதிப்படி அடுக்கி வைக்கட்டாம், இது அப்பா சொன்னது, பைல் விசயத்திலை அவர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும். கையை வெட்டிப்போடாதை. ஆனி மட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு, எல்லாம் நல்லபடி முடிஞ்சு, நீ நினைச்ச இடத்திலை நினைச்ச மட்டும் இருக்கப் பிள்ளையார் துணை நிப்பார், எங்கடை ஆசீர்வாதம் எப்பவும் உனக்குத்தான். இந்தக் காகிதம் கிடைச்சபிறகு வாற ஞாயிறு போன் எடுக்கேக்கை மட்டும் மறந்திடாதை, அப்பா நேற்றே சொல்லிப்போட்டார், முதல் கேள்வி அவரின்ரைதானாம், இந்தக் கிழமை என்ன சமைச்சனி எண்டு. ஒண்டும் விடாமல் சொல்லு.

இப்படிக்கு
உன்ரை அன்பு அம்மா
பாலேஸ்வரி சிவபாதசுந்தரம்