பதினேழாம் எண் கோர்

அக்டோபர் 9

ரயா இப்போதுதான் தூங்கினாள். நான்கு மாதக் குழந்தைக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது? விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கசப் நகரத்து அலுவலகத்திலிருந்து சரக்குப் படகில் ஒரு உறை வந்தது. புது வரைபடம் போடுகிறார்களாம். மலைக்குள் கடல் நுழைந்து கிடக்கும் கோர்கள் எங்கள் பக்கம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வாயில் இருக்கும் பெயரை நான் எதிரே எழுதி அனுப்ப வேண்டும். கல்லூரியில் நிலவியல் படித்தவள் இங்கே நான் ஒருத்திதானே. பெருமையாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 11

மதினி ஸுவைனா வந்தாள். என் கணவரின் அக்கா. மடியில் கருவாடு, கை தலைகளைக் கிள்ளிக்கொண்டே இருக்க, வாய் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனது.

“நாலு, கழுதை விழுந்த கோர். அஞ்சு, சண்டைக் கோர்.”

“யாரு சண்டை மதினி?”

“அண்ணன் தம்பி ரெண்டு பேரு. ஒரு வலைக்கு. அவனுங்களும் செத்தாச்சு, வலையும் மக்கியாச்சு, சண்டை மட்டும் நிக்குது. எழுதிக்கோ. ஒம்பது, மாமியார் கோர்.”

“ஐயோ, ஏன்?”

“உள்ள போறது சுலபம். வெளிய வரக் காத்து விடாது.”

சிரித்த சிரிப்பில் ரயா எழுந்துவிட்டாள். பதினேழு வந்தபோது மதினியின் கை நின்றது.

“அதான் உனக்கே தெரியுமே. கோர் ஷம்ஸா.”

தெரியும். என் கணவர் கல்ஃபானின் முதல் மனைவி. ஆடுகளுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் படகு கவிழ்ந்து இறந்தாள். இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொன்னார்கள். அந்த இடத்தையே அவள் பெயரால் கூப்பிடுவார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த இரண்டாம் வாரம், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சாதாரணமாகச் சொன்னார்: “ஷம்ஸாவுக்குப் போறேன். அஸர் தொழுகைக்குள்ள வந்துடுவேன்.”

பதினேழைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அக்டோபர் 14

இன்றும் ஷம்ஸாவுக்குப் போனார். அங்கேதான் மீன் இருக்கிறதாம். இருக்கட்டும்.

இங்கே ஆறு கிடையாது. ஒரு காலத்தில் மழை அறுத்த பள்ளத்தாக்குகள்தான் எல்லாம். மலையே சாய்ந்து இறங்குகிறது, இறங்க இறங்கக் கடல் உள்ளே வருகிறது. பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அப்போது பயமாக இல்லை. இப்போது தொட்டில் ஆடும்போதெல்லாம் தோன்றுகிறது, இந்தத் தரையும் இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது? மயிரிழை மயிரிழையாக. கீழே யாரோ காத்திருப்பது போல.

பைத்தியம். தூங்கு.

அக்டோபர் 20

“அந்தக் கோருக்கு முன்னாடி என்ன பேரு மதினி?” என்று கேட்டேன், கேட்பதற்காகக் கேட்பது போல.

“வெள்ளைக் கல். வாசல்ல ஒரு கல்லு இருக்குல்ல. எதுக்கு?”

“சும்மா.”

அக்டோபர் 23

பதினேழு: வெள்ளைக் கல். உறையை ஒட்டிப் படகில் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 17

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையிலிருந்தே வடக்குக் காற்று. ஊர் ஆண்கள் எல்லாரும் திப்பாவில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இவர் மட்டும் விரித்த வலையை எடுத்து வருகிறேன் என்று போனார். மதியம் வீட்டு ரேடியோ கரகரத்தது. இவர் குரல். இயந்திரம் நின்றுவிட்டது. படகைக் காற்று பாறையில் மோதுகிறது, கை நடுவில் சிக்கி நசுங்கிவிட்டது.

“எங்க இருக்கீங்க?” என்றது காவல் படகிலிருந்து ஒரு பையன் குரல். கடல் பக்கம் தெரியாத உள்நாட்டுக்காரன், பேச்சிலேயே தெரிந்தது.

“ஷம்ஸாவுல.”

“யாரு அண்ணே அது? கூட ஆள் இருக்காங்களா?”

“கோர் ஷம்ஸா தம்பி! ஷம்ஸா!”

“புது வரைபடத் தாள்ல அப்படி ஒண்ணுமே இல்லையே அண்ணே...”

அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஷம்ஸா. ஷம்ஸா. என் வீட்டுக்குள், என் குழந்தை தூங்கும் அறையில், என் புருஷன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் முனகலாக, இடம் சொல்வது போலவே இல்லை.

நான் ரேடியோவுக்கு எதிரே நின்றிருந்தேன். எனக்கு எண் தெரியும். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த உலகத்திலேயே எனக்குத்தான் தெரியும். நின்றிருந்தேன்.

மதினி ஓடிவந்தாள். “என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? சொல்லேன்டி!”

பொத்தானை அழுத்தினேன். “பதினேழு. வெள்ளைக் கல்.”

மதினி என்னைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் நின்றேன்? ஒரு நிமிஷமா? பத்தா?

ஜனவரி 20

கசப் ஆஸ்பத்திரி. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கவே மாட்டேன்.

ஜனவரி 28

வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று கேட்டார்: “தாள் எழுதினது நீதானே?”

“ஆமா.”

“ம்.” ரயாவை இடது கையால் தூக்கிக்கொண்டு வெளியே போனார். திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 3

மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் சொன்னாள்:

“அவ கிடைக்கவே இல்ல, தெரியுமா உனக்கு? அஞ்சு நாள் தேடினோம். துப்பட்டாதான் கிடைச்சுது. குழி தோண்டல, ஒரு கல்லு நடல. போற வர்றவங்க வாயில அந்தப் பேரு இருக்கே, அவளுக்குன்னு இருக்கிறது அவ்வளவுதான் புள்ள.”

நான் அவளைப் போட்டியாக அல்லவா நினைத்தேன். குழியில்லாதவளிடமிருந்து எதைப் பிடுங்கினேன்?

இன்றே திருத்தம் எழுதினேன். எண் பதினேழு, தவறு என்னுடையது.

பிப்ரவரி 16

காயம் ஆறி வருகிறது. இன்று முதல் முறையாக வலை எடுத்தார். கிளம்பும்போது சொன்னார்: “வெள்ளைக் கல்லுக்குப் போறேன்.”

நான் இதைத்தானே கேட்டேன். வந்தது. வந்ததும் வீடு முழுக்க அவள்தான் இருக்கிறாள். பேச்சில் இருந்தவரை வெளியே, கடலில், அவள் இடத்தில் இருந்தாள். இப்போது அவர் விழுங்கும் ஒவ்வொரு சொல்லிலும் இருக்கிறாள். தொட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள்.

பிப்ரவரி 25

கசபிலிருந்து பதில். அச்சாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

மார்ச் 12

ரயாவுக்கு ஊசி போடக் கசபுக்குப் போனோம். இவர் வாராவாரம் கட்டு மாற்றப் போய்வந்த அதே மருத்துவ நிலையம். காத்திருக்கும் இடத்துச் சுவரில் புது வரைபடம். பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். பதினேழு, வெள்ளைக் கல், அழகான அச்சு. அதற்குக் கீழே பேனாவில் யாரோ எழுதியிருந்தார்கள்: ஷம்ஸா. எழுத்துகள் கோணல் மாணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக. பழக்கமில்லாத கையால் எழுதிய எழுத்து.

ஆக, என்னிடம் மட்டும்தான் அவர் வெள்ளைக் கல் என்கிறார்.

விரலை வைத்துப் பார்த்தேன். மை எப்போதோ காய்ந்திருந்தது. ரயா வீறிட்டு அழுதாள், உள்ளே கூப்பிட்டார்கள், போனேன்.

திரும்பும்போது கடலில் அலையே இல்லை. அந்தக் கோரின் வாசலுக்கு நேரே வந்ததும் இயந்திரத்தைக் கொஞ்சம் தணித்தார். எப்போதும் தணிப்பார். நான் இதுவரை கவனிக்காதது போல இருந்திருக்கிறேன்.

“குழந்தை தூங்கிட்டாளா?” என்றார்.

“தூங்கிட்டா.” பிறகு சொன்னேன். வாயில் அந்தப் பெயர் வந்தது முதல் முறை, நாக்கு தடுமாறியது. “ஷம்ஸாவுக்குள்ள போய்ட்டுப் போலாமா?”

திரும்பிப் பார்க்கவில்லை. சுக்கானில் மூன்று விரல்கள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தன. பிறகு படகைத் திருப்பினார்.

உள்ளே காற்றே இல்லை. மலை இரண்டு பக்கமும் நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, கண்ணுக்கு எட்டாத ஆழம்வரை இறங்கிக்கொண்டே போனது. நான் ரயாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.