படம் நின்றுபோன நேரம்

ஏற்காடு
ஜனவரி 18, ஞாயிறு மாலை

அன்பு மகள் ஷீனாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை சாரா எழுதிக்கொள்வது. அக்கா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதுவேன், அப்பா சொல்வதையும் எழுதுவேன், சொல்லிவிட்டு அடிக்கச் சொல்வதையும் எழுதுவேன், அதற்கு அவர் சம்மதித்த பிறகுதான் பேனாவைக் கையில் எடுத்தேன். எஸ்டேட்டில் நாள் முழுக்க எழுதுகிற ரைட்டர் வீட்டுக் கடிதத்துக்கு மட்டும் ஆள் வைப்பதா என்று நீ நினைக்கலாம், ஆனால் அவர் கையெழுத்தை அவரையும் மானேஜரையும் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது என்பது உனக்கே தெரியும். மாதாவின் தயவால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், ராஞ்சியில் நீயும் உன் வலது முட்டியும் அதே போலச் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா செபமாலையின் கடைசிப் பத்து மணியைத் தினமும் உனக்கென்று தனியாக உருட்டுகிறார்.

உன் போன் பதினோரு நாளாக அணைந்தே கிடக்கிறது. கடைசியாக நீ அம்மாவுக்கு அனுப்பிய செய்தியை நாங்கள் எல்லோரும் படித்துவிட்டோம், பிப்ரவரி இரண்டாம் தேதி ஹாக்கித் தேர்வு முகாமுக்குப் போகவில்லை, சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடுகிறேன், அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அம்மா சொல்லிவிட்டார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார், அன்று அவருக்கு விடுமுறை. முகாமுக்கு மூன்றே கோல்கீப்பர்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், நீ போகாவிட்டால் அன்று மத்தியானமே உன் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிடுவாள் என்று அப்பா இரண்டு நாள் கழித்து அம்மாவிடம் சொன்னார், எனக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார், எனக்குக் கேட்டது. போனை அணைக்கலாம், கடிதத்தை எப்படி அணைப்பாய் என்பதுதான் அவர் நம்பிக்கை. நாளைக் காலை முதல் வேலையாக இதை ஸ்பீட் போஸ்டில் போடப் போகிறார்.

முதலில் ஊர் சேதி எழுது என்றார், எழுதுகிறேன். காப்பிப் பழம் பறிப்பு முடியும் கட்டத்தில் இருக்கிறது, பறிக்க ஆள்தான் கிடைப்பதில்லை. பொங்கலுக்குத் தலைச்சோலைக் காளியப்பன் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம், எஸ்டேட் டிராக்டர் ஓட்டுகிறாரே அவர்தான், பானை பொங்கும்போது "எங்க கோல்கீப்பரு சாமி நல்லாருக்கோணும்" என்று உன் பெயரையும் சேர்த்துக் கூவினார். அம்மாவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் பூசைக்கு நடந்து போய்வருகிறேனே அது போதாதா என்கிறார். போன வாரம் கீழ்த்தோட்டத்தில் காட்டெருமை ஒன்று வந்து நின்றது. நான் பள்ளி நூலகத்தில் இந்த வருடம் நாற்பத்தொரு புத்தகம் எடுத்திருக்கிறேன், நாற்பத்தொன்றையும் படித்தேன் என்று சொல்ல மாட்டேன், முப்பத்தாறு. சளி பிடித்தால் வெந்நீரில் ஆவி பிடி, அங்கே ஜனவரிக் குளிர் நம் குளிரைவிட மோசம், காலையில் காதை மூடாமல் மைதானத்துக்குப் போகாதே, இது அம்மா.

பிறகு நாட்டு நடப்பு என்றார். பெண் பிள்ளை பந்து மட்டும் பார்த்துக்கொண்டு உலகம் தெரியாமல் வளரக் கூடாதாம். இந்த வருடம் கிளாஸ்கோவில் நடக்கும் காமன்வெல்த் போட்டியில் ஹாக்கியை எடுத்துவிட்டார்கள், செலவைக் குறைக்கிறார்களாம், அதைப் பற்றி அப்பாவின் கருத்து: "எலையப் போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பு ஊறுகா எல்லாம் வெச்சுட்டு, சோறு மட்டும் கெடையாதுன்னா அது விருந்தா?" லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருகிறதே என்று கேட்டேன், வரட்டும், நம்ம பந்தியிலே ஜமீன்தாரும் ஒரு நாள் சம்மணம் போட்டு உட்காரட்டும் என்றார். போன மாதம் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல ஆட்டத்தில் நம் பையன்கள் இரண்டு கோல் வாங்கிவிட்டுக் கடைசிக் கால் மணி நேரத்தில் நாலு போட்டார்கள் அல்லவா, அன்றைக்கு ஒண்டிக்கடை முக்கில் உள்ள டீக்கடையில் சேனலை மாற்றச் சொல்லி அப்பா கெஞ்சியிருக்கிறார். "ஏனுங்க ரைட்டரே, அதுல பந்தே கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது, எதைப் பாக்கறதுங்க" என்று கடைக்காரர் கேட்க, "பந்து தெரியலீன்னா ஆளோட காலைப் பாருய்யா, பந்து எங்க போகுதுன்னு கால் சொல்லும்" என்று அப்பா சொல்ல, டீ ஆறிப்போனதுதான் மிச்சம். தேர்தல் வருவதால் ஆளாளுக்கு ஏற்காட்டில் விளையாட்டு அரங்கம் கட்டித் தருவதாகச் சொல்கிறார்களாம், அப்பாவுக்கு அரங்கம் வேண்டாம், இருக்கிற மைதானத்தில் புல் வெட்ட ஒரு ஆளும், கார் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் போட்டால் போதும், அப்படிச் சொல்கிற கட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாம். கார் என்றதும் பொங்கல் விடுமுறைக் கூட்டத்துக்குப் போய்விட்டார், இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார், சேலத்திலிருந்து பஸ் வர மூன்று மணி நேரம், மேலே வந்தவர்கள் எல்லோரும் ஏரியைப் பார்க்காமல் ஏரி முன்னால் தங்களையே படம் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்ததாக நடுவர்கள் வீடியோ பார்த்துத் தீர்ப்பு மாற்றுவது சரியா தப்பா என்று ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டு மறுபடி கிளாஸ்கோவுக்கே போனார்.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார், "ஏனுங்க, கிளாஸ்கோவ அப்பறம் திருத்திக்கலாமுங்க, ராஞ்சிக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லுங்க" என்று. நான் பேனாவை மூடித் திறந்தேன். அவர் தொடங்குவதற்குள், ஆறாம் தேதி இங்கே என்ன நடந்தது என்பதை நான் எழுதிவிடுகிறேன், உனக்கு அது தெரியாது.

உன் இறுதி ஆட்டத்தை நாங்கள் காப்பி உலர்த்தும் களத்தில்தான் பார்த்தோம். வீட்டில் போனில் சிக்னல் எடுக்காது, களத்தில் எடைக் கொட்டகைச் சுவரோரம் நின்றால் எடுக்கும், மூடுபனி இறங்கினால் அங்கேயும் திணறும். அப்பா போனைக் காப்பி மூட்டைமேல் சாய்த்து வைத்தார், நானும் காளியப்பன் மாமாவும் இரண்டு பக்கமும் குந்தினோம். ஆட்டம் சமமாக முடிந்து ஷூட் அவுட் வந்ததும் மாமா விளக்கம் கேட்டார், அப்பா சொன்னார், "ஒரே ஒருத்தி பந்தத் தள்ளிக்கிட்டு வருவா, நம்ம புள்ள மட்டும் எதுத்து நிக்கும், எட்டு நொடி. படுக்காம நின்னா பாதி ஜெயிச்ச மாதிரி." உன் அணிப் பெண்கள் இரண்டு பேர் கோட்டைவிட்டது எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது. ஐந்தாவதாக எதிரணியின் உயரமான பெண் ஒருத்தி வந்தாள், நீ முன்னே ஓடினாய், இரண்டு பேரும் மோதினீர்கள், நீ தரையில் சாய்ந்தாய், அப்படியே படம் நின்றுவிட்டது. பனி வந்துவிட்டது. "ஏனுங்க ரைட்டரே, புள்ள எந்திரிக்கவே மாட்டேங்குதே, அடி கிடி பட்டுருச்சுங்களா" என்று மாமா எழுந்தே நின்றுவிட்டார். "படம் நின்னு போச்சுய்யா, புள்ள எப்பவோ எந்திரிச்சிருக்கும்" என்றார் அப்பா. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், நூற்றுப் பத்து வரை வந்தது. படம் திரும்ப ஓடியபோது எதிரணிப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள், நீ கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது அப்பா அதே சுவரோரம்தான் நின்றார், ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். எடுத்த எடுப்பிலேயே, "ஏங்கண்ணு அவசரப்பட்டுப் படுத்தே, எட்டு நொடி நிக்க முடியலையா, சின்னதுல இருந்து நான் சொல்றது அது ஒண்ணுதானே" என்றார். பிறகு, "அப்பா, நீங்க அதைப் பாத்தீங்களா?" என்று கேட்டாய். "பாத்தேன் சாமி, என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்" என்றார் அப்பா. "சரிங்கப்பா" என்று வைத்துவிட்டாய். படம் நின்றது எனக்கும் தெரியும் அக்கா. நான் ஒரு முழம் தூரத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை, அதற்கு அப்பா பொறுப்பில்லை, நான்தான்.

நேற்றுத்தான் உண்மை தெரிந்தது. நீ எந்த நொடியில் சாய்ந்தாய் என்பதைக் கணக்கோடு எழுதி, முகாமுக்குப் போனால் அதைத் திருத்திக்கொள் என்று அறிவுரை அனுப்புவது அப்பாவின் எண்ணம், அதற்காக ஒண்டிக்கடை செல்போன் கடையில் முழு ஆட்டத்தையும் இறக்கி வாங்கிவந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தோம். நீ சாய்ந்தாய், ஆனால் பந்து உன் கால்காப்புக்கு அடியில் சிக்கி அசையாமல் இருந்தது, கோல் விழவில்லை. நடுவர் விசில் ஊதி, மோதல் தெரியாமல் நடந்த தப்புதான் என்று மறுபடி அடிக்கச் சொன்னார். நீ எழுந்து, ஹெல்மெட்டைச் சரிசெய்து, கோட்டுக்குப் போனாய். அந்தப் பெண் வலது பக்கம் போனாள், திரும்பினாள், இடது பக்கம் போனாள், நீ அவளோடு கூடவே போனாய், படுக்கவே இல்லை, ஏழு நொடி வரை நின்றாய், மணி அடிப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் அவள் மட்டையைத் திருப்பித் தட்டிவிட்ட பந்து கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. அப்பா அந்த இடத்தை ஏழு தடவை பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கோழிகளை அடைக்கப் போனார். கோழிகளை நான் அரை மணி நேரம் முன்பே அடைத்திருந்தேன், அவரும் அதைப் பார்த்தார்தான். இருந்தும் வெகுநேரம் கூண்டுப் பக்கமே நின்றார்.

இப்போது அப்பா சொல்கிறார். முதலில், "அன்னைக்கு நெட்டு சரியில்ல" என்று எழுதச் சொன்னார், எழுதினேன், அடி என்றார். அடுத்து, "தப்பு யாருக்கும் வர்றதுதான்" என்றார், அதையும் அடிக்கச் சொன்னார். மூன்றாவதாக, காளியப்பன் மாமா போட்ட சத்தத்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஆரம்பித்தவர், அம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றதைப் பார்த்து முடிக்கவில்லை. நான்காவது இது, ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்: "கண்ணு, நான் பாக்கல. பாத்தேன்னு பொய் சொன்னேன். இருபத்தாறு வருசமா காலையில ஆள் எண்ணறேன், கண்ணுல படாத ஆளுக்கு ஒரு நாளும் வந்ததாப் புள்ளி போட்டதில்ல, பழம் பறிக்கிற ஆராயி லைன் ஊட்டுல இருந்து கை காட்டுனாக்கூட எறங்கி வா தாயின்னு சொல்லிப் பாத்துட்டுத்தான் போடுவேன். எம் புள்ளைக்கு மட்டும் பாக்காமயே தப்புன்னு போட்டுட்டேன். நீ நின்னே சாமி. நொம்ப நல்லா நின்னே. அந்தப் பந்தை நான் பாத்த கீப்பருங்கள்ல ஒருத்தரும் புடிச்சிருக்க மாட்டாங்க."

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு சொன்னது: முகாமுக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம், ஆட்டம் அலுத்துவிட்டது, உடம்பு முடியவில்லை, வேறு படிப்பு படிக்க ஆசை, எதுவாக இருந்தாலும் ஊட்டுக்கு வா, சேலம் ரயிலடிக்கு அவரே வந்து மூட்டையைத் தூக்குவார், ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார். ஆனால் அன்றைக்கு அவர் பேசிய பேச்சுக்காக மட்டும் கால்காப்பைக் கழற்றாதே. ஆட்டத்தையே பார்க்காத ஒருவன் சொன்ன கருத்து அது, டீக்கடையில் இப்படிப்பட்ட கருத்தைச் சொன்னால் அவரே எழுந்து போய்விடுவார். இது அறிவுரை இல்லை, கேட்டுக்கொள்வது என்று எழுதச் சொல்கிறார். இதற்கு முன் அப்பா யாரையும் எதையும் கேட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, மாதா உன் கை கால்களுக்குத் துணையிருப்பாளாக. போனைத் திற, ஒரு நிமிடமாவது அம்மாவிடம் பேசு, அப்பாவிடம் பேச மனமில்லாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறாராம். நனைந்த கால்காப்பைப் பையில் அடைத்து வைக்காதே, நிழலில் காயவை. இரண்டாம் தேதி திங்கட்கிழமை, மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. அருள்சாமி

அக்கா, அப்பாவின் கையெழுத்து கோட்டுக்குக் கீழே சரிந்து இறங்கியிருப்பதைப் பார்த்து உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிடாதே. பேனாவை என்னிடம் வாங்கியவர், "கரண்டு எதுக்குச் சும்மா எரியுது" என்று எழுந்துபோய் லைட்டை அணைத்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டார். மணி ஆறரைதான் ஆகிறது, இந்த நேரத்தில் நம் வீட்டில் யாரும் லைட்டை அணைப்பதில்லை. இதை நான் ஜன்னலோரம் நின்று எழுதுகிறேன். அம்மா வந்து பார்த்தார், சுவிட்சு வரைக்கும் கையைக் கொண்டுபோனார், போடாமல் திரும்பிப் போய்விட்டார்.